டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லையே என்று வாய்விட்டுச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: "இந்தப் பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும்." அதில் பாதிதான் உண்மை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சராசரியைவிடக் குட்டையாகத்தான் வளர்வார்கள். ஆனால் குட்டையாக வளர்வது வேறு, வளராமல் நிற்பது வேறு. முதலாவது அவர்களின் இயல்பு. இரண்டாவதற்கு எப்போதும் ஒரு காரணம் தேட வேண்டும்.

ஏன் என்றால், வளர்ச்சியைத் தடுக்கும் கோளாறுகள் பல இந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாகவே வருகின்றன. தைராய்டு குறைபாடு, பிறவி இதயக் கோளாறு, சீலியாக் என்னும் குடல் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று பட்டியல் நீள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. பல நேரம் ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால், வளர்ச்சி வரைபடத்தில் ஒரு கோடு தட்டையாவதுதான் முதல் அறிகுறி. "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் அந்த அறிகுறியை மறைத்துவிடும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

எதை எதிர்பார்க்கலாம்?

பிறக்கும்போது எடையும் நீளமும் மற்ற குழந்தைகளைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெரிய இடைவெளி விழுவது ஏறக்குறைய 6 மாதம் முதல் 3 வயது வரை. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை விறுவிறுவென்று வளர்வதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவது இயற்கை. அதன்பின் வளர்ச்சி ஓரளவு சீராகிவிடும். உடலோடு ஒப்பிட்டால் கால்கள் சற்றுக் குட்டையாக இருக்கும். தலைச் சுற்றளவும் குறைவாக இருக்கும். பருவமடைவது ஏறக்குறைய மற்றவர்களின் வயதிலேயே நடக்கும். ஆனால் அப்போது வரும் உயரப் பாய்ச்சல் சிறியது, சீக்கிரமே முடிந்துவிடும்.

ஸ்வீடனில் 2002-ல் வெளியான வரைபடங்களின்படி இறுதி உயரத்தின் சராசரி ஆண்களுக்கு 161.5 செ.மீ., பெண்களுக்கு 147.5 செ.மீ. நெதர்லாந்தில் இது 163.4, 151.8 செ.மீ. இரண்டுமே பொதுவாக உயரமானவர்கள் வாழும் நாடுகள் என்பதை மறக்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணமான கூடுதல் குரோமோசோம் வந்தாலும் பெற்றோரின் உயரம் பிள்ளையிடம் தன் பங்கைக் காட்டவே செய்யும். குட்டையான பெற்றோரின் பிள்ளை இந்த எண்களைத் தொடவில்லை என்றால் அது கோளாறு அல்ல.

படி 1: ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்

மருத்துவமனைச் சீட்டுகளில் சிதறிக் கிடக்கும் எண்களால் பயன் இல்லை. ஒரு நோட்டோ, கைப்பேசியில் ஒரு கோப்போ போதும். தேதி, எடை, நீளம் அல்லது உயரம், 3 வயது வரை தலைச் சுற்றளவு. கூடவே எங்கே அளந்தது, என்ன உடையில், சமீபத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதும் வந்ததா என்று ஒரு வரி. இந்த ஒரு வரிதான் பின்னால் பல குழப்பங்களைத் தீர்க்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? முதல் சில வாரங்கள், முக்கியமாகப் பால் குடிப்பதில் சிரமம் இருந்தால், வாரம் ஒருமுறை எடை. பிறகு முதல் பிறந்தநாள் வரை மாதம் ஒருமுறை, 3 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் போதும். இதயக் கோளாறு இருந்தாலோ கோடு சரியத் தொடங்கியிருந்தாலோ மருத்துவர் இடைவெளியைக் குறைப்பார். தினமும் எடை பார்ப்பது மட்டும் வேண்டாம். அது வளர்ச்சியைக் காட்டாது, குடித்த பாலையும் போன சிறுநீரையும்தான் காட்டும்.

படி 2: எடை

கைக்குழந்தையை உடையும் டயப்பரும் இல்லாமல், குழந்தைகளுக்கான தராசில் எடை பார்க்க வேண்டும். நிற்கத் தெரிந்த பிள்ளை என்றால் மெல்லிய உடை, காலணி இல்லாமல். தராசு கெட்டியான தரையில் இருக்கட்டும், கம்பளத்தின் மேல் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துப் பார்ப்பது வீட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பெரியவர்களுக்கான தராசில் நூறு, இருநூறு கிராம் பிசகுவது சாதாரணம். மாதம் சில நூறு கிராம் ஏற வேண்டிய கைக்குழந்தைக்கு அந்தப் பிசகே மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். எப்போதும் ஒரே தராசைப் பயன்படுத்துங்கள்.

படி 3: நீளமும் உயரமும்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2 வயது வரை படுக்க வைத்து நீளம், அதன்பின் நிற்க வைத்து உயரம் என்பது பொது விதி. ஒரே பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால், நிற்க வைத்து அளப்பதைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். அளவு முறை மாறும் அந்த ஒரு தடவை பிள்ளை வளரவே இல்லை என்று தோன்றினால் இதை நினைவில் வையுங்கள். 2 வயதிலும் உறுதியாக நிற்க முடியாத பிள்ளையைப் படுக்க வைத்தே அளக்கலாம். அப்படி அளந்ததை நோட்டில் குறித்துவிட வேண்டும்.

படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். அளவுப் பலகையின் ஒரு முனையில் அசையாத தலைத் தட்டு, மறுமுனையில் நகரும் பாதத் தட்டு. ஒருவர் குழந்தையின் தலையை இரு பக்கமும் மென்மையாகப் பிடித்து, உச்சந்தலை தட்டைத் தொடும்படி வைக்கிறார். குழந்தையின் கண் நேரே மேலே பார்க்க வேண்டும். மற்றவர் முழங்கால்களை லேசாக அழுத்திக் கால்களை நீட்டி, இரண்டு உள்ளங்கால்களும் நிமிர்ந்து தட்டில் படும்படி தட்டை நகர்த்துகிறார். ஒரு காலை மட்டும் நீட்டி அளந்தால் இடுப்பு சாய்ந்து கணக்கு மாறும். தசைத் தளர்ச்சி உள்ள குழந்தையை இழுத்தால் இழுத்த அளவுக்கு நீளும் போலத் தெரியும். இழுக்காதீர்கள். குறிப்பாகக் கழுத்தை இழுக்கவே கூடாது, ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும்.

நிற்கும் உயரத்துக்குச் சுவரில் பொருத்திய அளவுகோலும் தலையில் செங்குத்தாக வந்து உட்காரும் தட்டும் வேண்டும். காலணி, தலை கிளிப், உச்சிக் கொண்டை எல்லாம் கழற்றிவிட வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை, தலையின் பின்புறம் நான்கும் சுவரைத் தொட வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் டவுன் சிண்ட்ரோமில் பின்னந்தலை தட்டையாக இருக்கும். அது சுவரைத் தொட வேண்டும் என்று தள்ளினால் முகம் மேலே தூக்கிக்கொள்ளும், உயரம் பொய்யாகிவிடும். தலை தொடாவிட்டாலும் பரவாயில்லை. பார்வை தரைக்கு இணையாக நேரே இருப்பதுதான் முக்கியம். மூட்டுகள் தளர்வாக இருப்பதால் முழங்கால் பின்னோக்கி வளைந்தோ, பாதங்கள் அகன்று சரிந்தோ பிள்ளை நிற்கும். பாதங்களைச் சேர்த்து, முழங்காலை நேராக்கி, மூச்சை இழுக்கச் சொல்லி அளக்க வேண்டும். சொன்னால் உடனே நிற்காத பிள்ளை என்றால், முதலில் நீங்கள் சுவரோரம் நின்று காட்டுங்கள். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்டுப் புரிந்துகொள்வதைவிடப் பார்த்துச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

0.1 செ.மீ. வரை படியுங்கள். மறுபடி நிற்க வைத்து இன்னொரு முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டு அளவும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் சற்றுக் குறையும், அதனால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடு போடுவது பாசத்துக்கு நல்லது. முடிவெடுக்க அதை நம்ப வேண்டாம்.

படி 4: தலைச் சுற்றளவு

நீளாத நாடாவை எடுத்துப் புருவத்துக்குச் சற்று மேலிருந்து, பின்னந்தலையில் அதிகம் புடைத்த இடம் வழியாகச் சுற்றி, கிடைக்கும் மிகப் பெரிய அளவைக் குறியுங்கள். துணி தைக்கும் பழைய நாடா இழுபடும், அது வேண்டாம். தலை சிறியது என்பது இங்கே செய்தி அல்ல. திடீரென்று வேகமாகப் பெருத்தாலோ, வளராமல் நின்றாலோதான் செய்தி. உச்சிக்குழி மூடத் தாமதமாவது இந்தக் குழந்தைகளிடம் வழக்கம்தான். ஆனால் தைராய்டு குறைந்தாலும் தாமதமாகும் என்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

படி 5: எந்த வரைபடம்?

மருத்துவமனைகளில் பொதுவாகக் கையில் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வரைபடம், அல்லது அந்தந்த நாட்டின் பொது வரைபடம். அதில் குறித்தால் உங்கள் பிள்ளையின் புள்ளி பெரும்பாலும் அடிக்கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். கோடுகளுக்கு வெளியே இருக்கும் புள்ளியை வைத்து, பிள்ளை தன் பாதையில் போகிறதா, சரிகிறதா என்று சொல்வது கடினம்.

அதனால்தான் டவுன் சிண்ட்ரோமுக்கென்றே தனி வரைபடங்கள் வந்தன. அமெரிக்காவில் 1988-ல் வெளியான முதல் பெரிய தொகுப்பில் இருந்த பிள்ளைகள் பலர், இதய அறுவை சிகிச்சை இன்றைக்குப் போல எளிதாகக் கிடைக்காத காலத்தவர்கள். 2015-ல் வந்த புதிய வரைபடங்கள் 637 பிள்ளைகளிடம் எடுத்த 1,500-க்கும் மேற்பட்ட அளவுகளை வைத்து உருவானவை. பழையதோடு ஒப்பிட்டபோது 3 வயதுக்கு உட்பட்டவர்களின் எடையும், பெரிய ஆண் பிள்ளைகளின் உயரமும் நன்றாகவே கூடியிருந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இந்த வரைபடங்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலும் இவற்றையே பரிந்துரைக்கிறது. பிரிட்டன், ஸ்வீடன், நெதர்லாந்து முதலிய நாடுகளுக்கும் தனி வரைபடங்கள் இருக்கின்றன. உங்கள் நாட்டில் தனியாக ஒன்று இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் 2015 வரைபடம் போதும். நடுவில் வரைபடத்தை மாற்றாமல் இருப்பதுதான் எது என்பதைவிட முக்கியம். ஆண், பெண் வரைபடம் வேறு வேறு என்பதையும், 0 முதல் 3 வயது வரை ஒன்று, 2 முதல் 20 வரை மற்றொன்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

37 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தை என்றால் 2 வயது வரை திருத்திய வயதில் குறிக்க வேண்டும். 8 வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று 6 மாதம் என்றால், வரைபடத்தில் அது 4 மாதக் குழந்தை.

தனி வரைபடம் ஒரு வசதி, அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அந்த வரைபடங்கள் எப்படி வளர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆய்வில் இருந்த பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று மட்டும் சொல்கின்றன. அவர்களில் இதயக் கோளாறு உள்ளவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

படி 6: புள்ளியை விடுங்கள், கோட்டைப் பாருங்கள்

25-வது பெர்சன்டைல் என்றால், அதே வயது டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 25 பேர் உங்கள் பிள்ளையைவிடக் குட்டை, 75 பேர் உயரம் என்று பொருள். அது தேர்வு மதிப்பெண் அல்ல. 10-வது கோட்டிலேயே வருடக்கணக்கில் போகும் பிள்ளை நன்றாக வளர்கிறது. 75-லிருந்து 25-க்கு இறங்கிய பிள்ளைதான் கவலைக்குரியது, அதன் புள்ளி "நடுவில்" இருந்தாலும். இரண்டு பெரிய கோடுகளைக் கடந்து கீழே வந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். ஒரு கோட்டைக் கடந்தால் மீண்டும் சரியாக அளந்து, இடைவெளியைக் குறைத்துக் கவனிக்கலாம்.

படி 7: வேகம்

இரண்டு உயரங்களின் வித்தியாசத்தை இடையில் போன மாதங்களால் வகுத்து 12-ஆல் பெருக்கினால் ஆண்டு வேகம் கிடைக்கும். 6 மாதத்தில் 2.4 செ.மீ. என்றால் ஆண்டுக்கு 4.8 செ.மீ. குறைந்தது ஆறு மாத இடைவெளி வேண்டும். இரண்டே மாத இடைவெளியில் அரை சென்டிமீட்டர் பிசகினால், ஆண்டுக் கணக்கில் அதுவே 3 செ.மீ. ஆகிவிடும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சிறுமிக்கு 5 வயதில் உயரம் 97.2 செ.மீ., எடை 15.4 கிலோ. ஐந்தரை வயதில் 98.1 செ.மீ., 17 கிலோ. 6 வயதில் 98.8 செ.மீ., 18.6 கிலோ. எடை மட்டும் பார்த்தால் "நல்லா தேறிட்டா" என்பார்கள். உயரமோ ஓர் ஆண்டில் 1.6 செ.மீ.தான் கூடியிருக்கிறது. எடை ஏறி உயரம் நின்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது தைராய்டு. இந்தச் சிறுமிக்குச் சத்து மாவு வாங்கிக் கொடுப்பதில் பயன் இல்லை, ரத்தப் பரிசோதனைதான் வேண்டும்.

படி 8: எடைக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தம்

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ. மேலே சொன்ன சிறுமிக்கு ஓர் ஆண்டில் இது 16.3-லிருந்து 19-க்குப் போய்விட்டது.

உயரத்துக்குத் தனி வரைபடம் நல்லது என்று சொன்னேன். பிஎம்ஐக்கு அது எதிராக வேலை செய்யும். தனி வரைபடத்தில் இருக்கும் பிள்ளைகளிலேயே எடை கூடியவர்கள் அதிகம் என்பதால், அங்கே "சராசரி" என்று வரும் பிள்ளை உண்மையில் குண்டாக இருக்கலாம். அதனால் 2 வயதுக்கு மேல் பிஎம்ஐயைப் பொது வரைபடத்திலும் பாருங்கள். குறிப்பாக 10 வயதுக்கு மேல், பொது வரைபடத்தின் 85-வது பெர்சன்டைல்தான் கூடுதல் கொழுப்பைச் சரியாகக் காட்டுகிறது.

இந்தப் பிள்ளைகளின் உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தி சற்றுக் குறைவு. அதனால் அண்ணனுக்குப் போடும் அதே அளவு சாப்பாடு இவர்களுக்கு மிஞ்சிவிடும். எடை ஏறிய பிறகு குறைக்கப் போராடுவதைவிட, 2, 3 வயதிலேயே தட்டின் அளவைக் கவனிப்பது எளிது. பரிசாகத் தின்பண்டம் தரும் பழக்கம் வீட்டில் மட்டுமின்றி, பயிற்சி வகுப்புகளிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு ஏதாவது பரிசு கொடுக்கச் சொல்லலாம்.

கைக்குழந்தைக்குத் தனிக் கவனம்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சிக்கலே அங்கேதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பச்சிளங்குழந்தைகள் பலர் பசித்தாலும் அழ மாட்டார்கள், தூங்கிக்கொண்டே இருப்பார்கள். "சமத்துக் குழந்தை" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது எடை இறங்கியிருக்கும். முதல் வாரங்களில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடையைத் திரும்பத் தொடாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். தசைத் தளர்ச்சியால் சப்புவது மெதுவாக இருக்கும், தலையையும் தாடையையும் தாங்கிப் பிடித்தால் பல குழந்தைகள் நன்றாகவே பழகிக்கொள்கின்றன.

பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது, இரண்டு வாய் குடித்ததும் களைத்து விடுவது இதயத்தைக் காட்டும் அறிகுறிகள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காவிட்டாலும் பிறந்த உடனே எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வேண்டும். குடிக்கும்போது இருமல், மூச்சில் கறகறப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் பால் நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 9: கோடு என்ன சொல்கிறது?

எடை முதலில் நின்று, நீளம் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துப் பிறகு நின்றால், உள்ளே போகும் சத்து போதவில்லை, அல்லது உடல் அதிகமாகச் செலவழிக்கிறது. சிறு குழந்தையில் இதயமும் பால் குடிக்கும் சிரமமும் முதல் சந்தேகம். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை ஏறுமுகமாவது வழக்கம். அப்படி ஏறவில்லை என்றால் வேறு காரணமும் கூட இருக்கிறது. இதயக் குழந்தைக்கு இரண்டே நாளில் எடை குதித்தால் மகிழ வேண்டாம், அது நீர் கோத்ததாக இருக்கலாம்.

வயிற்று உப்புசம், ஓயாத வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், ரத்தசோகை, எரிச்சல் இவற்றோடு கோடு சரிந்தால் சீலியாக். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் அது. பரிசோதனை முடிவதற்கு முன்பே நாமாகக் கோதுமையை நிறுத்தினால் முடிவு தவறாக வரும்.

குறட்டை, வாயால் மூச்சு, உட்கார்ந்தபடியே அல்லது கழுத்தை அண்ணாந்து தூங்குவது என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடை. இதுவும் வளர்ச்சியைக் குறைக்கும். குறட்டை இல்லாவிட்டாலும் 3 முதல் 4 வயதுக்குள் ஒருமுறை தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது 2022 வழிகாட்டுதல்.

தைராய்டுக்கு அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல் எல்லாம் டவுன் சிண்ட்ரோமிலேயே வரக்கூடியவை என்பதால் கண்டுபிடிப்பது கடினம். பிறந்தபோது, 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் டிஎஸ்எச் என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு விஷயங்களில் அடுத்த அளவு நாள் வரை காத்திருக்க வேண்டாம். எடை குறைந்து, வெளிறிப்போய், உடம்பில் காரணமில்லாத நீலத் திட்டுகள் வந்தால் அன்றே ரத்த அணுக்கள் பரிசோதனை. எடை குறைந்து, தாகமும் சிறுநீரும் அதிகமானால் அன்றே ரத்தச் சர்க்கரை. இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோயும் முதல் வகை நீரிழிவும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதேபோல, நிற்க வைத்து அளக்கும்போது முன்பில்லாத தள்ளாட்டம், கழுத்து வலி, கழுத்துச் சாய்வு தெரிந்தால் அளவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டையும், புள்ளிகள் வைத்த வரைபடத்தையும் கொண்டு போங்கள். "சரியாச் சாப்பிடறதில்லை" என்று தொடங்குவதைவிட, "8 மாதமாக உயரம் 1 செ.மீ.தான் கூடியிருக்கிறது, கடைசி டிஎஸ்எச் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது" என்று தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போகும். "டவுன் சிண்ட்ரோம்தானே காரணம்" என்று பதில் வந்தால், "அப்படியானால் டவுன் சிண்ட்ரோம் வரைபடத்திலும் ஏன் இறங்குகிறது?" என்று தன்மையாகக் கேட்கலாம்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் உயரமாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஹார்மோன் குறைபாடு பரிசோதனையில் உறுதியானால் மட்டுமே அந்த ஊசி. வெறும் உயரத்துக்காக டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லோருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. உயரம் கூட்டும் என்று விற்கும் வைட்டமின் கலவைகள் இந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியை மாற்றியதாக நிரூபணம் இல்லை, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.